கம்பளம் விரித்த விண்கலமும் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் விண்வெளியும்

கேள்வி இதுதான்: "எக்ஸ்பான்ஸ் ஆறு சீசனும் பார்த்து முடித்துவிட்டேன். எல்லோரும் சொல்கிறார்களே என்று ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் ஆரம்பித்தேன். நாலு எபிசோடுக்கு மேல் தாங்கவில்லை, பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகம் மாதிரி இருக்கிறது. இதையா கிளாசிக் என்கிறார்கள்? புதுத் தொடர்கள் எல்லா விதத்திலும் முன்னேறிவிட்டன என்றுதானே அர்த்தம்?"

அந்த நாலு எபிசோடை நானும் மறுபடி உட்கார்ந்து பார்க்க மாட்டேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1987 செப்டம்பரில் தொடங்கிய முதல் சீசன் முழுக்கத் தடுமாற்றம்தான். எழுத்தாளர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். 1966-ல் வந்த மூலத் தொடரின் கதையையே தூசி தட்டி மறுபடி எடுத்தார்கள். நீங்கள் நிறுத்திய இடத்தில்தான் 'கோட் ஆஃப் ஹானர்' வருகிறது. அது இனவெறி எபிசோட் என்று கப்பலின் துணைத் தலைவன் ரைக்கராக நடித்த ஜோனதன் ஃப்ரேக்ஸே பின்னாளில் வெளிப்படையாகத் திட்டியிருக்கிறார். ஆக, நீங்கள் ஓடிப்போனதில் தப்பே இல்லை.

ஆனால் "எல்லா விதத்திலும்" என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சண்டை. பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று நிற்கிற பந்தயம் இல்லை இது. நீங்கள் கொண்டாடும் எக்ஸ்பான்ஸை ஆறு சீசனும் முன்னின்று நடத்தியவர் நரேன் சங்கர். நீங்கள் நாலே எபிசோடில் கைவிட்ட நெக்ஸ்ட் ஜெனரேஷனின் எழுத்தறையில்தான் அவர் தொழில் கற்றார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பக்கம் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு எழுத வந்தவர். அதே கார்னெலில் அவருக்குச் சிநேகிதர் ரொனால்ட் டி. மூர். அவரும் அதே எழுத்தறை. பின்னாளில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவைப் புதிதாக எடுத்தவரும், ஃபார் ஆல் மேன்கைண்டை உருவாக்கியவர்களில் ஒருவரும் அவர்தான். இன்றைய விண்வெளித் தொடர்களில் தலைசிறந்தவை என்று நாம் சொல்கிறவற்றில் பாதி, நெக்ஸ்ட் ஜெனரேஷனின் கேப்டன் பிக்கார்டின் கப்பலில் வேலை பார்த்தவர்கள் வெளியே வந்து கட்டிய தனிக்குடித்தனங்கள். அப்பா வீட்டில் எது அவர்களுக்கு மூச்சு முட்டியதோ, அதைத்தான் ஒவ்வொருவரும் தன் வீட்டில் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நெக்ஸ்ட் ஜெனரேஷன் ஸ்கிரிப்டுகளில் அறிவியல் வசனம் வர வேண்டிய இடத்தில் எழுத்தாளர்கள் வெறுமனே 'டெக்' என்று எழுதி வைத்துவிடுவார்களாம். "கேப்டன், டெக்கை டெக் பண்ணினால் தப்பிக்கலாம்" என்கிற ரீதியில். பிறகு அறிவியல் ஆலோசகர் வந்து கோடிட்ட இடங்களை நிரப்புவார். இதை மூரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அந்த ஆலோசகர் நாற்காலியில் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்தவர் நரேன் சங்கர். எந்தச் சொல்லைப் போட்டாலும் கதை மாறாது என்கிற இடங்களை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு பொறியியல்காரருக்கு என்ன ஆசை வரும்? அறிவியலை எடுத்துவிட்டால் கதையே படுத்துவிடுகிற மாதிரி ஒரு தொடர் செய்ய வேண்டும் என்றுதானே?

எக்ஸ்பான்ஸின் கப்பலைப் பாருங்கள். அது படுக்கைவாட்டில் பறக்கும் விமானம் இல்லை, நிமிர்ந்து நிற்கும் அடுக்குமாடி. எஞ்சின் கீழே, மாடிகள் அதன் மேல். எஞ்சின் தள்ளுகிற தள்ளுதான் காலுக்குக் கீழே கிடைக்கிற எடை. பாதி வழி போனதும் கப்பலைத் தலைகீழாகத் திருப்பி, மீதிப் பாதியில் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்தத் தள்ளு கூடினால் உடம்பு நசுங்கும், அதற்கு ஊசி. எஞ்சினை அணைத்தால் எல்லாம் மிதக்கும், அதற்குக் காந்தச் செருப்பு. முதல் சீசனில் டானேஜர் கப்பலில் நடக்கும் அந்தத் தாக்குதல் நினைவிருக்கும். ஒரு குண்டு சுவரின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிறது, நடுவில் பேசிக்கொண்டிருந்த ஷெட்டின் தலை இல்லை. அலறுவதற்குக்கூட நேரம் இல்லை, ஏனென்றால் இரண்டு ஓட்டை வழியாகக் காற்று போய்க்கொண்டிருக்கிறது. ரத்தம் உருண்டை உருண்டையாக மிதக்க, கையில் கிடைத்ததை எடுத்து அடைக்கிறார்கள். இதே தாக்குதல் பிக்கார்டின் கப்பலில் நடந்தால்? கேமரா ஆடும், எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்வார்கள், ஒரு மேசையிலிருந்து பொறி பறக்கும், "கேடயம் 40 சதவிகிதம்" என்று ஒருவர் சொல்வார். கம்பளத்தில் ஒரு கறை விழாது. கட்டளை மேடையில் கம்பளம் விரித்த போர்க்கப்பலை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஏதோ நட்சத்திர ஹோட்டலின் முன்கூடம் மாதிரி இருக்கும்.

முதல் எபிசோடிலேயே இன்னொரு காட்சி உண்டு. சிறுகோள் வட்டாரத்தில் குறைந்த ஈர்ப்பு விசையில் பிறந்து வளர்ந்த ஒரு பெல்டரை, பூமி அரசின் பெரிய அதிகாரி அவசரலா பூமியில் விசாரிக்கிறார். அடி இல்லை, உதை இல்லை. சும்மா நிமிர்த்தித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நாம் காலையில் எழுந்து பல் துலக்குகிற அதே ஈர்ப்பு விசை அவன் எலும்புக்குச் சித்திரவதை. அரசியல், பௌதிகம், வர்க்கம் மூன்றும் ஒரே காட்சியில் முடிந்துவிட்டது. இதை நெக்ஸ்ட் ஜெனரேஷன் ஒருநாளும் செய்திருக்காது, செய்ய விட்டிருக்கவும் மாட்டார்கள். (எக்ஸ்பான்ஸின் எஞ்சின் துளி எரிபொருளில் அவ்வளவு தூரம் ஓடுவதும், அந்த நீல மூலக்கூறும் எந்த அறிவியல் என்று யாராவது கேட்டால் நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன்.)

யார் விடவில்லை? ஸ்டார் டிரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி. 24-ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் பணம், பேராசை, பொறாமை எல்லாம் கடந்தவர்கள், அதனால் கப்பலில் இருப்பவர்களுக்குள் மனஸ்தாபம் வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நாடகம் எழுதப் பிழைக்க வந்தவர்களிடம் சண்டையே கூடாது என்றால் எப்படி இருக்கும்? உப்பு இல்லாமல் சமைக்கச் சொல்வது மாதிரி. செட்டைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் ஸ்கிரிப்டைக் கொடுத்துவிட்டுப் போனவர் மூர். அப்படி விற்ற அவருடைய முதல் கதை 'தி பாண்டிங்', 1989-ல் வந்தது. பணியில் தாயை இழந்த ஒரு சிறுவனின் கதை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் சாவை ஏற்கப் பழகியிருப்பார்கள், அழமாட்டார்கள் என்று ராடன்பெரி மறுத்துவிட்டார். தலைமை எழுத்தாளர் மைக்கேல் பில்லர் என்ன செய்தார் தெரியுமா? அந்த மறுப்பையே கதையாக்கினார். சிறுவன் அழாமல் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அவன் துக்கத்தைத் துடைக்க ஒரு வேற்றுயிர் தாயின் உருவில் வந்து நிற்கிறது. துக்கப்பட்டே ஆக வேண்டும் என்று கப்பல்காரர்கள் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டால் இது சாதாரணச் சோகக் கதையாக முடிந்திருக்கும். கட்டுப்பாடு சில நேரம் கவிஞனுக்கு யாப்பு மாதிரி வேலை செய்யும். சில நேரம்தான், எப்போதும் இல்லை.

மூர் அந்த யாப்பை உடைத்த கதை இன்னும் சுவையானது. வாயேஜர் என்று அடுத்த ஸ்டார் டிரெக் தொடர் 1995-ல் வந்தது. வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளி மாட்டிக்கொண்ட கப்பல், திரும்பி வர 75 ஆண்டு ஆகும். அருமையான முடிச்சு. ஆனால் வாரா வாரம் அடி வாங்கிய கப்பல் அடுத்த வாரம் கழுவி மெழுகிய மாதிரி வந்து நிற்கும். ஆரம்பத்தில் ஒரு வசனத்தில், கையில் இருப்பது 38 ஃபோட்டான் டார்பிடோ என்கிற ஏவுகணை, போனால் போனதுதான் என்று சொல்வார்கள். ரசிகர்கள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். 38-ஐத் தாண்டி எங்கோ போய்விட்டது கணக்கு. மூர் அந்தத் தொடரில் கொஞ்ச நாள் மட்டும் இருந்துவிட்டு, கசப்போடு வெளியே வந்து, இதையெல்லாம் பேட்டியில் கொட்டினார்.

பிறகு பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவில் அதற்கு வட்டியோடு வசூல். 2004-ல் வந்த '33' என்ற எபிசோடைப் பாருங்கள். எதிரி 33 நிமிடத்துக்கு ஒரு தரம் துரத்தி வருகிறான். ஐந்து நாளாக யாரும் தூங்கவில்லை. சவரம் செய்யாத முகம், சிவந்த கண், பாதியில் அறுந்துபோகிற வசனம். ஜனாதிபதி ராஸ்லினின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை. உயிரோடு மிச்சமிருக்கும் மனிதர்களின் எண்ணிக்கை அதில். அந்த எண் குறைந்துகொண்டே போகிறது. கடைசியில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வருகிறது. எண்ணை அழித்து, ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். அடுத்த எபிசோடிலேயே தண்ணீர்த் தொட்டி போய்விடும். தண்ணீருக்கு அலைவார்கள், பிறகு சோற்றுக்கு. வாயேஜர் எந்தக் கணக்கை எழுதாமல் விட்டதோ அதை இங்கே பலகையில் எழுதி மாட்டிவிட்டார்.

இந்த மாற்றத்துக்கு மூர் மாதிரி கோபக்காரர் மட்டும் காரணம் இல்லை, காசும் காரணம். நெக்ஸ்ட் ஜெனரேஷன் எந்தப் பெரிய தொலைக்காட்சி வலையமைப்பிலும் ஓடவில்லை. பாரமவுண்ட் அதை நேரடியாக உள்ளூர் நிலையங்களுக்கு விற்றது. ஒரு ஊரில் சனிக்கிழமை, இன்னொரு ஊரில் ஞாயிறு, மறு ஒளிபரப்பில் எந்த வரிசையிலும். நடுவில் இரண்டு வாரம் விட்டுவிட்டு வருகிறவனுக்கும் புரிய வேண்டும். அப்படியானால் எபிசோட் முடிகிறபோது எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். யாரும் மாறக்கூடாது, எதுவும் உடைந்து கிடக்கக்கூடாது. கறை படியாத கம்பளத்துக்கு இதுதான் அசல் காரணம். இன்றைக்கு மொத்த சீசனும் உங்கள் போனில் வரிசையாகக் கிடக்கிறது. முன்கதை மறந்தால் விரலால் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். அதனால் எட்டு மணி நேரத்துக்கு ஒரே கதையை இழுக்க முடிகிறது. இடையில் டீப் ஸ்பேஸ் நைன் என்றொரு பாலம் உண்டு, 1993 முதல் 1999 வரை. அதில் கப்பலுக்குப் பதில் ஒரு விண்நிலையம். கப்பல் தப்பு செய்துவிட்டு அடுத்த கிரகத்துக்கு நகர்ந்துவிடலாம், நிலையம் எங்கே போகும்? நேற்றுச் செய்த தப்பு இன்று காலை வாசலில் வந்து நிற்கும். மூர் அங்கேயும் எழுதினார்.

சரி, இவ்வளவு குறையும் சொல்லிவிட்டு எதற்காகப் பழையதைப் பார்க்கச் சொல்கிறேன்? புதியவற்றுக்குக் கைவராத ஒன்று அதற்கு நன்றாகக் கைவந்தது. ஒரு கேள்வியை எடுத்து, 45 நிமிடத்தில், மூன்று நாலு பேரை ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசியே தீர்ப்பது.

1989 பிப்ரவரியில் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்'. எழுதியவர் மெலிண்டா ஸ்னாட்கிராஸ், முன்பு வக்கீலாக இருந்தவர். டேட்டா ஓர் இயந்திர மனிதன், கப்பலில் அதிகாரி. அவனைப் பிரித்துப் பார்த்து நகல் எடுக்க ஒரு விஞ்ஞானி வருகிறார். டேட்டா மறுக்கிறான். மறுக்க உனக்கு உரிமை உண்டா, நீ ஆளா, பொருளா என்று வழக்கு. ஆள் பற்றாக்குறை என்பதால் டேட்டாவின் நண்பன் ரைக்கரே எதிர்த்தரப்பு வக்கீலாக வேண்டும். அரைமனதாக வாதாடினால் வழக்கே இல்லாமல் டேட்டா பொருள் என்று தீர்ப்பாகிவிடும் என்று நீதிபதி மிரட்டுகிறார். இங்கே ஒரு சின்னக் காட்சி. ரைக்கர் தனியாக உட்கார்ந்து டேட்டாவின் வரைபடங்களைப் புரட்டுகிறான். எதையோ கண்டுபிடித்ததும் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. அடுத்த நொடி அந்தச் சிரிப்பு அப்படியே வழிந்து போகிறது. கண்டுபிடித்தது என்ன என்று அவனுக்கு உறைத்துவிட்டது. வசனம் ஒன்றுகூட இல்லை. மறுநாள் நீதிமன்றத்தில், பேசிக்கொண்டே நடந்து போய் டேட்டாவின் முதுகில் இருக்கும் விசையை அழுத்துகிறான். டேட்டா சரிந்து மேசையில் விழுகிறான். தோற்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு ஒருவன் ஜெயிப்பதற்காக வாதாடுவதை இதைவிட நன்றாக நான் எங்கும் பார்த்ததில்லை. செலவு? ஒரு அறை, சில நாற்காலி. இயந்திரத்தோடு தினமும் அரட்டை அடிக்கிற இந்தக் காலத்தில் அந்த வழக்கு அன்றைவிட இன்று கூர்மையாகக் குத்துகிறது.

'டார்மாக்' 1991-ல் வந்தது. வேற்றுக்கிரகத்தார் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் மொழிபெயர்ப்புக் கருவிக்குப் புரிகிறது, ஆனால் பேச்சு புரியவில்லை. அவர்கள் தங்கள் புராணத்தின் பெயர்களாலேயே பேசுகிறார்கள். இன்னார் இன்ன இடத்தில் நின்றார் என்றால் ஒரு பொருள், இன்னாருடைய சுவர் விழுந்தது என்றால் தோல்வி. அமெரிக்கப் பார்வையாளருக்கு இது விசித்திரமாக இருந்திருக்கலாம். நமக்கு என்ன விசித்திரம்? ஒருவனை எட்டப்பன் என்கிறோம், சகுனி வேலை என்கிறோம், கும்பகர்ணன் என்கிறோம். கதை தெரியாதவனுக்கு வெறும் பெயர், தெரிந்தவனுக்கு ஒரு அத்தியாயம். கேபிள் வந்த புதிதில் முதல் தடவை பார்த்தபோது பிக்கார்டுக்கு முன்னால் எனக்குப் புரிந்துவிட்டது என்று இன்றும் பீற்றிக்கொள்வேன். சாகக் கிடக்கும் அந்த வேற்றுக்கிரகக் கேப்டனுக்குத் தீ மூட்டிய வெளிச்சத்தில் பிக்கார்ட் கில்காமேஷின் கதையைச் சொல்கிறார். மொழி தெரியாத இருவர், நடுவில் ஒரு கதை. அங்கே சண்டை இல்லாமல் இல்லை, ஒரு மிருகம் வந்து அடிக்கத்தான் செய்கிறது. அந்த மிருகத்தின் கிராஃபிக்ஸ் கண்றாவி. பரவாயில்லை.

எக்ஸ்பான்ஸிலும் பெல்டர்களுக்குத் தனி மொழியே உருவாக்கினார்கள். விண்வெளி உடைக்குள் முகம் தெரியாது என்பதால் கையால் செய்கிற சைகைகளும் உண்டு. அது நுணுக்கமான வேலை. ஆனால் அங்கே மொழி, யார் எந்தக் கட்சி என்று காட்டும் அடையாளம். டார்மாக்கில் மொழிதான் கதையே. ஒரே சரக்கை இரண்டு தலைமுறை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

இன்னொன்று, சோம்பல். நெக்ஸ்ட் ஜெனரேஷன் ஆண்டுக்கு 26 எபிசோட் வரை எடுத்தார்கள். ஏழு சீசனில் 178. அவ்வளவு எடுத்தால் பல மொக்கையாகத்தான் வரும், வந்தன. ஆனால் 26 இருப்பதால்தான் ஒன்றை வீணடிக்கத் துணிச்சல் வரும். 'டேட்டாஸ் டே' என்று ஒன்று: டேட்டாவின் ஒரு நாள். பூனையைக் கவனிக்கிறான், ஒரு கல்யாணத்துக்குத் தயாராகிறான், டாக்டரிடம் நடனம் கற்றுக்கொள்கிறான். சிரித்த முகத்தோடு ஆட வேண்டும் என்றதும் அவன் முகத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்த அசட்டுச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே அதை அடிக்கடி போடுவேன். இன்றைய தொடருக்கு எட்டோ பத்தோ எபிசோட், அடுத்த சீசனுக்கு இரண்டு மூன்று வருடக் காத்திருப்பு. பூனைக்கு எங்கே இடம்? ஒவ்வொரு காட்சியும் கதையை நகர்த்தியே ஆக வேண்டும். 2017-ல் வந்த ஸ்டார் டிரெக் டிஸ்கவரி என்னை அயர வைத்தது இதனால்தான். எப்போது பார்த்தாலும் யாராவது பிரபஞ்சத்தைக் காப்பாற்றிக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்கள். யார் கண்ணீர் விட்டாலும் எனக்கு ஒட்டவில்லை, அவர்கள் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லையே.

இதைத் தயாரிப்பாளர்களும் உணர்ந்திருக்க வேண்டும். 2022-ல் வந்த ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் மறுபடி வாரத்துக்கு ஒரு கதை என்ற பழைய வழிக்கே திரும்பியது. அதன் கேப்டன் பைக் யார் தெரியுமா? 1960-களில் மூலத் தொடருக்காக முதலில் எடுத்து, வேண்டாம் என்று வலையமைப்பு திருப்பியனுப்பிய முன்னோட்டப் படத்தின் கேப்டன். நிராகரித்த மாப்பிள்ளையை அறுபது வருடம் கழித்துத் தேடிப்போய்ச் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள். சேத் மக்ஃபார்லேனின் தி ஆர்வில் அதற்கும் முன்பே இதையே பகடி போலத் தொடங்கி, போகப்போக நெக்ஸ்ட் ஜெனரேஷனின் அச்சு அசலாக மாறிவிட்டது.

எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். வரிசையாகப் பார்க்காதீர்கள், வரிசையாகப் பார்க்க எடுத்த தொடரே இல்லை அது. முதல் சீசனை மொத்தமாக ஒதுக்குங்கள். இரண்டாவதில் டேட்டாவின் வழக்கு மட்டும். மூன்றாவதிலிருந்து பில்லர் வந்துவிடுகிறார், அங்கிருந்து தைரியமாக இறங்கலாம். ஐந்தாவதில் 'டார்மாக்', 'தி இன்னர் லைட்' இரண்டும். பின்னதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பார்த்து முடித்ததும் ஒரு புல்லாங்குழல் உங்கள் மனதில் இருக்கும், அவ்வளவுதான். கூடவே 'தி ஃபர்ஸ்ட் டியூட்டி'யும் பாருங்கள், அது மூரும் நரேன் சங்கரும் சேர்ந்து எழுதியது. பயிற்சியில் ஒரு மாணவன் செத்துவிடுகிறான், மற்றவர்கள் மறைக்கிறார்கள். அவர்களில் ஒருவன் வெஸ்லி. அவன் நண்பர்கள் பக்கம் நிற்பதா, உண்மையைச் சொல்வதா? நண்பர்கள் பக்கம் நிற்க வேண்டும் என்பது மூரின் கட்சி, உண்மை சொல்ல வேண்டும் என்பது பில்லரின் கட்சி. பில்லர்தான் ஜெயித்தார். அந்த ஒரு எபிசோடை மூர் ஜெயித்திருந்தால் எப்படி முடிந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே பாருங்கள், கலாக்டிகா எங்கிருந்து முளைத்தது என்று தெரிந்துவிடும்.

படம் மங்கலாக இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். தொடரை 35 மி.மீ. பிலிமில் எடுத்து, வீடியோ டேப்பில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். 2012-லிருந்து ப்ளூ-ரேக்காக மூல பிலிமைத் தேடி எடுத்து, ஒவ்வொரு காட்சியாகப் புதிதாகக் கோத்தார்கள். அந்தப் பதிப்பையே பாருங்கள். கம்பளத்தின் நூல்கூடத் தெரியும்.